கியாரடோஸ் ஏன் கவிழ்கிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

போக்கிமான் வீடியோ கேமில் கியாரடோஸ் என்ற போக்கிமானை வைத்து ஆடுபவர்களிடம் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சுண்ணே, திடீர்னு விழுந்துருச்சு.” அது விழுந்த சுற்றையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது. ஒன்றிரண்டு சுற்று பின்னால் போங்கள். எதன் முன்னால் இறக்கினீர்கள், பலமேற்றும் மூவான டிராகன் டான்ஸை அழுத்தும்போது எதிரே யார் நின்றது, எதிராளி கையில் இன்னும் யாரெல்லாம் மிச்சம். தப்பு அங்கேதான் இருக்கும். அதைப் பார்க்காமல் நான்காவது மூவை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் மாதக்கணக்கில் அதே இடத்தில் தோற்றுக்கொண்டிருப்பார்கள்.

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) சேரும். தோட்டத்து லயத்திலிருந்து மோட்டாரில் வருகிற பையன்கள், தோட்டத்தை விட்டு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) குடிவந்த வீட்டுப் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து சட்டைகூட மாற்றாமல் வரும் ஃபேக்டரிக்காரர்கள். கையில் நிண்டெண்டோ ஸ்விட்ச், மேசையில் தே தாரிக். அங்கே வாராவாரம் காதில் விழும் புலம்பல்களை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். எல்லாம் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களுக்கு. ரேங்க் சண்டையில் எல்லாப் போக்கிமானும் 50ஆம் நிலைக்கு வந்துவிடும் என்பதால் எண்களும் அந்த நிலைக்கே.

முதலில் எண்கள் சரியா என்று பாருங்கள்

மற்ற எதையும் தேடுவதற்கு முன் இது. கியாரடோஸின் அடிப்படை எண்கள்: உயிர் 95, அட்டாக் 125, டிஃபென்ஸ் 79, ஸ்பெஷல் அட்டாக் 60, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 100, ஸ்பீட் 81. மொத்தம் 540. மேஜிகார்ப்பாக இருந்தபோது மொத்தமே 200தான்; 20ஆம் நிலையில் இப்படி ஒரே தாவாகத் தாவிவிடுகிறது.

அட்டாக்குக்கு 252 ஈவி (வளர்ப்பில் சேர்க்கும் புள்ளி), ஸ்பீடுக்கு 252 ஈவி, மிச்சம் உயிருக்கு. இப்படி வளர்த்து, ஸ்பீடைக் கூட்டும் ஜாலி நேச்சர் (குணம்) வைத்தால் 50ஆம் நிலையில் ஸ்பீட் 146, அட்டாக் 177 வரவேண்டும். அட்டாக்கைக் கூட்டும் அடமன்ட் வைத்தால் ஸ்பீட் 133, அட்டாக் 194. 100ஆம் நிலைக்கு ஏற்றி வைத்திருப்பவர்கள் ஸ்பீடில் 287 அல்லது 261 தெரிகிறதா என்று பாருங்கள். வரவில்லையா? ஈவி வேறெங்கோ சிதறியிருக்கும், அல்லது நேச்சர் வேறாக இருக்கும், அல்லது ஐவி (பிறவியிலேயே வரும் புள்ளி) குறைவு. நேச்சருக்கு மின்ட், ஈவிக்கு வைட்டமின், ஐவிக்கு பாட்டில் கேப். மூன்றுமே ஆட்டத்துக்குள் காசு கொடுத்து வாங்கக்கூடியவை. வைட்டமின் ஒன்றுக்குப் பத்து ஈவி, ஆகவே ஒரு எண்ணை நிரப்ப 26 வேண்டும். 25 போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

மூவ்கள் டிராகன் டான்ஸ், வாட்டர்ஃபால், எர்த்குவேக். நான்காவது இடத்துக்கு டான்ட், ஐஸ் ஃபாங், டெரா பிளாஸ்ட் மூன்றில் ஒன்று. எதை எப்போது என்பது கீழே தானாகத் தெரியவரும்.

“ஒரே அடியில் காலி”

அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். கியாரடோஸ் வாட்டரும் ஃப்ளையிங்கும் சேர்ந்த வகை. எலக்ட்ரிக் அடி இரண்டிலுமே இரட்டிப்பாகப் பட்டு நான்கு மடங்காகிறது. இது தெரியாதவர் யாருமில்லை. ஆனால் தெரிந்தும் விழுகிறதே, அதற்கு மூன்று காரணங்கள்.

எலக்ட்ரிக் போக்கிமானின் முன்னாலேயே நேராக இறக்கியது முதலாவது. இதற்கு மருந்து கிடையாது, இறக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, எலக்ட்ரிக் வகையே இல்லாத ஒன்று எலக்ட்ரிக் மூவை ஒளித்து வைத்திருப்பது. ஃப்ளட்டர் மேனிடமும் கோல்டெங்கோவிடமும் தண்டர்போல்ட் இருக்கலாம், டிராகனைட்டிடம் தண்டர் பஞ்ச் இருக்கலாம். எதிராளி உங்கள் டீமில் கியாரடோஸைப் பார்த்துவிட்டு, அதற்கு எதிராகத் தெளிவான ஆள் யாரும் இல்லாத அணியோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாரா? அப்படியானால் எங்கேயோ ஒன்று ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு சுற்றில் அவர் எந்த மூவைக் காட்டினார், எதை இன்னும் காட்டவில்லை என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எலக்ட்ரிக்கே வரவில்லை, ஆனாலும் ஒரே அடியில் போய்விட்டது என்றால் அது ஃப்ரீஸ் டிரை. ஐஸ் அடி சாதாரணமாக வாட்டர் வகைக்கு உறைக்காது. இந்த ஒரு மூவுக்கு மட்டும் விதிவிலக்கு, வாட்டர் மேலும் இரட்டிப்பாகப் படும். ஃப்ளையிங்கோடு சேர்ந்து கியாரடோஸுக்கு நான்கு மடங்கு. எதிராளியிடம் இந்த மூவை அடிக்கும் ஐயர்ன் பண்டில் இருந்தால் அதற்கும் எலக்ட்ரிக் போக்கிமானுக்குக் கொடுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

தடுக்கும் வழிகளில் வாகன் பெரி மலிவானது. எலக்ட்ரிக் அடியை ஒருமுறை பாதியாக்கும். நான்கு மடங்கு இரண்டாகும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். டெரா என்பது சண்டை நடுவே போக்கிமானின் வகையை மாற்றுவது; கிரவுண்ட் டெரா இன்னும் பலமானது. சுற்றின் தொடக்கத்தில், அடி விழுவதற்கு முன்பே டெரா நடந்துவிடுவதால், தண்டர்போல்ட் வந்து ஒன்றுமில்லாமல் போகும். கூடவே எர்த்குவேக்கின் பலமும் ஏறும், வாட்டர்ஃபாலின் பழைய பலமும் போகாது. ஆனால் டெரா செய்தபின் வாட்டர், கிராஸ், ஐஸ் மூன்றும் இரட்டிப்பாகப் படும். ஒரு சண்டைக்கு ஒரே டெரா என்பதையும் மறக்கவேண்டாம்.

“ஆடின பிறகும் அவன்தான் முந்துறான்”

டிராகன் டான்ஸ் ஒருமுறை ஆடினால் அட்டாக்கும் ஸ்பீடும் ஒவ்வொரு படி ஏறும், அதாவது ஒன்றரை மடங்கு. ஜாலி கியாரடோஸ் 219க்குப் போகும், அடமன்ட் 199க்கு. இந்த இருபது எண் வித்தியாசத்துக்குள்தான் பிரச்சினையே இருக்கிறது. ஸ்பீடை முழுதாக வளர்த்த ஜோல்டியான் 200, ஃப்ளட்டர் மேன் 205, ஐயர்ன் பண்டில் 206, டிராகாபல்ட் 213. நால்வரும் அடமன்டை முந்துவார்கள், ஜாலியை முந்தமாட்டார்கள். அதிலும் ஜோல்டியான் ஒரே ஒரு எண்ணில் முந்துகிறது. எலக்ட்ரிக் வகை வேறு.

அடமன்டின் அடி கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரேங்க் சண்டையில் என் ஓட்டு ஜாலிக்கே. இரண்டாவது டான்ஸ் ஆட இடம் கிடைக்கும் என்று நம்பி அடமன்ட் வைப்பவர்களுக்கு அந்த இரண்டாவது சுற்று கிடைப்பதே அபூர்வம். கிடைத்துவிட்டால் அடமன்டே 266 ஆகி, ஸ்பீடை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டிய கார்ச்சோம்பின் 253ஐக்கூடத் தாண்டும். ஜாலி என்றால் 292.

எண் சரியாக இருந்தும் எதிராளி முந்தினால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். கியாரடோஸுக்கு வாதம் பிடித்திருக்கிறதா? பராலிசிஸ் ஸ்பீடைப் பாதியாக்கும், ஆடிய டான்ஸ் வீண். எதிராளியிடம் ஸ்கார்ஃப் இருக்கிறதா? பூஸ்டர் எனர்ஜி தின்ற ஃப்ளட்டர் மேன் ஸ்பீடை ஏற்றிக்கொண்டால் 307. இரண்டு டான்ஸ் ஆடினாலும் அதை எட்டமுடியாது. எதிரணியின் ஸ்பீடை இரட்டிப்பாக்கும் டெயில்விண்ட் அடிக்கிறதா, மெதுவானவரை முந்தவிடும் டிரிக் ரூம் போட்டிருக்கிறதா?

இவை எதுவும் இல்லையென்றால் முந்துரிமை மூவ். எக்ஸ்ட்ரீம் ஸ்பீட், சக்கர் பஞ்ச் போன்றவை ஸ்பீட் எண்ணையே பார்க்காது. இந்தக் கூட்டத்திலேயே கியாரடோஸுக்கு மோசமானது ரேஜிங் போல்ட்டின் தண்டர்கிளாப். 2023 டிசம்பரில் வந்த இண்டிகோ டிஸ்க் பகுதியோடு வந்தது, எலக்ட்ரிக் அடி, முதலில் விழும். ஒரே ஓட்டை, நீங்கள் அந்தச் சுற்றில் அடிக்கும் மூவைத் தேர்ந்தெடுத்திருந்தால்தான் அது பலிக்கும். டிராகன் டான்ஸோ டான்டோ அழுத்தியிருந்தால் தண்டர்கிளாப் தோற்றுப்போகும். இதை வைத்து எதிராளியோடு கண்ணாமூச்சி ஆடலாம், ஆனால் அவரும் சும்மா இருக்கமாட்டார், தண்டர்போல்ட்டும் வைத்திருக்கலாம். ரேஜிங் போல்ட் உயிரோடு இருக்கும்வரை கியாரடோஸை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. அதை வேறு யாராவது முடிக்கட்டும்.

“ரோட்டோம் வந்தாலே கதை முடிஞ்சுது”

எலக்ட்ரிக்கும் வாட்டரும் சேர்ந்த வாஷிங் மெஷின் ரோட்டோமைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். போன மாதம் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி ஆடிய ஆட்டத்தை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த அறிகுறி முழுக்க அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது.

எதிரே கிரேட் டஸ்க். கியாரடோஸ் இறங்க இதைவிட நல்ல இடம் கிடையாது: கிரவுண்ட் அடி படாது, ஃபைட்டிங் பாதியாகும், கியாரடோஸின் இன்டிமிடேட் திறன் வேறு எதிரே நிற்பதன் அட்டாக்கைக் குறைக்கும். இறக்கினாள், சரி. அடுத்த சுற்று டிராகன் டான்ஸ் அழுத்தினாள். எதிராளி அதே சுற்றில் கிரேட் டஸ்க்கை இழுத்துவிட்டு ரோட்டோமை உள்ளே விட்டார். இப்போது கியாரடோஸின் ஸ்பீட் 219, ரோட்டோம் எவ்வளவு வளர்ந்தாலும் 151. “முந்துறேன்ல, அடிச்சிடலாம்” என்றாள்.

எதால் அடிப்பது? வாட்டர்ஃபால் வாட்டர் வகை மேல் பாதிதான் படும். எர்த்குவேக், ரோட்டோமை மிதக்கவைக்கும் லெவிடேட் திறனால் படவே படாது. டெரா கிரவுண்ட் செய்தால் வோல்ட் ஸ்விட்ச் என்ற எலக்ட்ரிக் அடியிலிருந்து தப்பலாம், ஆனால் அடுத்து வரும் ஹைட்ரோ பம்ப் இரட்டிப்பாக விழும். அடிக்காத மூவ்களை அடைக்கும் டான்ட் போட்டால், எரியவைக்கும் வில் ஓ விஸ்ப் நிற்கும், வோல்ட் ஸ்விட்ச் நிற்காது. நான்கு பொத்தானில் எதைத் தொட்டாலும் தோல்வி. அவள் டெரா கிரவுண்டைத் தொட்டாள். ஹைட்ரோ பம்ப் வந்தது.

இங்கே பிழை டெராவில் இல்லை. டான்ஸ் அழுத்திய சுற்றில் எதிராளியின் டீமில் ரோட்டோம் இருப்பது திரையிலேயே தெரிந்திருந்தது. கிரேட் டஸ்க் கியாரடோஸின் முன்னால் நின்றுகொண்டே இருக்கப்போவதில்லை, ரோட்டோம்தான் வரும். அந்தச் சுற்றில் டான்ஸ் ஆடாமல் கிளாட்சயரை மாற்றிவிட்டிருக்கவேண்டும், அவள் டீமிலேயே அது இருந்தது. வாட்டர் அப்சார்ப் கொண்ட கிளாட்சயர் பாய்சனும் கிரவுண்டும் சேர்ந்தது: வோல்ட் ஸ்விட்ச் படாது, ஹைட்ரோ பம்ப் உயிரைக் கூட்டும். ரோட்டோமால் செய்யமுடிந்தது வில் ஓ விஸ்ப் மட்டுமே, பதிலுக்கு கிளாட்சயர் டாக்ஸிக் போட்டுவிடும். எர்த்குவேக் லெவிடேட்டில் படாது என்பதால் டாக்ஸிக்தான் வழி. கேஸ்ட்ரோடானும் ஸ்டார்ம் டிரெய்னோடு இதே வேலையைச் செய்யும்.

ரோட்டோம் இரண்டுமுறை இப்படி வந்து ஏமாந்து, விஷமும் ஏறி, முடிந்த பிறகுதான் கியாரடோஸின் நேரம் தொடங்குகிறது. அதுவரை அது உள்ளே வந்து இன்டிமிடேட் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும் ஆள் மட்டும்தான்.

“அடி விழுது, வலிக்கல”

டான்ஸ் ஆடியும் எதிராளியின் உயிர்க்கோடு கொஞ்சம்தான் இறங்குகிறதா? திரையில் வரும் செய்தியைப் படியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

கியாரடோஸ் எரிந்துகொண்டிருந்தால் அட்டாக் எண்ணை வைத்து அடிக்கும் அடிகள் எல்லாம் பாதியாகும். லம் பெரி கொடுத்து வைத்தால் ஒருமுறை காப்பாற்றும். இன்டிமிடேட் உள்ள இன்சினரோர் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் உங்கள் அட்டாக் ஒரு படி இறங்கும். ஏறிய ஒரு படி அத்தோடு சமன். ஸ்பீட் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட டீமுக்கு எதிராக டான்ஸ் ஆடுவதைவிட வாட்டர்ஃபாலை நேரடியாக அந்த இன்சினரோர் மேலேயே போடுவது மேல், இரட்டிப்பாகப் படும்.

டொண்டோசோவா எதிரே? அன்அவேர் என்ற திறன் உங்கள் அட்டாக் ஏற்றத்தைக் கணக்கிலேயே எடுக்காது. பத்து டான்ஸ் ஆடினாலும் முதல் அடியின் வலிதான். ஸ்கெலிடர்ஜுக்கும் கிளாட்சயருக்கும் இதே திறன் இருக்கலாம், ஆனால் அவை இரண்டின் மேலும் எர்த்குவேக் இரட்டிப்பாகப் படுவதால் ஏற்றம் இல்லாமலே சமாளிக்கலாம். டொண்டோசோ மேல் அப்படி எதுவும் இல்லை. கிராஸ் அல்லது எலக்ட்ரிக் அடிக்கிற வேறு ஒரு ஆளிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கியாரடோஸுக்குப் பெயரளவில்தான் ஃப்ளையிங் வகை, நம்பி அடிக்க நல்ல ஃப்ளையிங் மூவ் கிடையாது. கிராஸ் வகைகள் உங்கள் முன்னால் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன என்றால் ஃப்ளையிங் டெராவும் டெரா பிளாஸ்டும் வைத்துப் பாருங்கள். டெரா பிளாஸ்டின் பலம் 80, டெரா செய்தபின் அதே வகையாக மாறும், அட்டாக் எண் பெரிதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரிக்கும் நான்கு மடங்கிலிருந்து இரண்டாகக் குறைகிறது. டிராகனைட்தான் தொல்லை என்றால் ஐஸ் ஃபாங் போதும், நான்கு மடங்கு.

“ஆடினதெல்லாம் போச்சு”

ஹேஸ், கிளியர் ஸ்மாக், வேர்ல்விண்ட், ரோர், டிராகன் டெயில். முதல் இரண்டும் ஏற்றத்தை அழிக்கும், மற்றவை ஆளையே வெளியே துரத்தும். இவற்றில் ஒன்று எதிராளியிடம் இருக்கும்போது டான்ஸ் ஆடுவது மழையில் பால்மரம் சீவப் போவதுதான், கோப்பையில் ஒன்றும் மிஞ்சாது. டிங்லுவைப் பார்த்தால் வேர்ல்விண்டையும் டாக்ஸாபெக்ஸைப் பார்த்தால் ஹேஸையும் எதிர்பாருங்கள்.

நான்காவது மூவாக டான்ட் வைக்கச் சொல்வது இதற்குத்தான். முதலில் டான்ட், அப்புறம் டான்ஸ். ஹேஸ், வேர்ல்விண்ட், ரோர் மூன்றும் அடைபடும். டிராகன் டெயிலும் கிளியர் ஸ்மாக்கும் அடிக்கிற மூவ்கள் என்பதால் டான்ட்டுக்கு அடங்காது. தன் உயிரில் ஒரு பங்கைக் கொடுத்து நிறுத்தும் பொம்மையான சப்ஸ்டிட்யூட்டை வைத்து எல்லாவற்றையும் தடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கிளியர் ஸ்மாக்கைத் தடுக்கும். ஹேஸையும் ரோரையும் வேர்ல்விண்டையும் தடுக்காது.

என்கோர் வாங்கி டிராகன் டான்ஸிலேயே மாட்டிக்கொண்டால் யோசிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

“மிரட்டப் போய் அவனுக்குப் பலம் கூடிருச்சு”

இன்டிமிடேட் எல்லாரிடமும் பலிக்காது. டிஃபையன்ட் திறன் கொண்ட கிங்காம்பிட்டின் முன்னால் இறக்கினால் அதன் அட்டாக் ஒரு படி இறங்கி இரண்டு படி ஏறும். காம்பெடிட்டிவ் கொண்ட மிலோட்டிக்குக்கு ஸ்பெஷல் அட்டாக் ஏறும். கார்ட் டாக் உள்ள மபோஸ்டிஃப்புக்கும் ஏறும். கிளியர் அமுலெட் கட்டியிருந்தால் ஒன்றுமே நடக்காது. வாட்டர் உர்ஷிஃபுவின் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் எப்போதும் கிரிட்டிக்கலாகவே விழுவதால், அட்டாக்கைக் குறைத்தும் பலனில்லை. நல்லவேளையாக வாட்டர் அடி கியாரடோஸ் மேல் பாதிதான் படும்.

எதிராளிகளில் இப்படிப்பட்டவர்கள் அடிக்கடி வந்தால் மறைதிறனான மாக்ஸிக்கு மாறலாம். ஒவ்வொரு ஆளை வீழ்த்தும்போதும் அட்டாக் ஒரு படி ஏறும். திறனை மாற்றும் எபிலிட்டி பேட்ச் ஒன்று செலவாகும். ஆட்டத்தின் கடைசியில் மட்டும் கியாரடோஸை எடுப்பவர்களுக்கு மாக்ஸி சரி. அடிக்கடி உள்ளே வெளியே போகிறவர்களுக்கு இன்டிமிடேட்தான் சோறு போடும்.

“உள்ளே வரும்போதே கால்வாசி உயிர் போகுது”

எதிராளி தரையில் போட்டு, உள்ளே வருகிறவர்களைக் குத்தவைக்கும் ஸ்டெல்த் ராக். ஃப்ளையிங் என்பதால் ராக் இரட்டிப்பு, ஆகவே வரும்போதெல்லாம் கால்வாசி. உயிர் 171 என்றால் ஒவ்வொரு முறையும் 42. மூன்றுமுறை வந்தால் மிச்சம் 45. அதற்கு மேல் எந்த அடியும் தேவையில்லை. இதைத் தடுக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ் கொடுத்துவிடுங்கள். கையிலுள்ள பொருளைத் தட்டிவிடும் கிரேட் டஸ்க்கின் நாக் ஆஃப் முன்னால் இறக்கினால் பூட்ஸே போய்விடும், அதையும் கவனியுங்கள். மூன்று பேரை மட்டும் கொண்டுபோகும் ரேங்க் ஒற்றைச் சண்டையில் ஸ்டெல்த் ராக் குறைவாகத்தான் வருகிறது. அங்கே வாகன் பெரியோ லம் பெரியோ வைக்கலாம்.

இரட்டைச் சண்டையில் மட்டும் வரும் தொல்லைகள்

“என் எர்த்குவேக்ல என் ஆளே செத்துட்டான்.” ஆமாம், அது பக்கத்தில் நிற்கும் கூட்டாளி மேலும் விழும், பலமும் முக்கால்தான். பக்கத்தில் பறக்கிற ஆளை நிறுத்துங்கள், அல்லது அதே சுற்றில் கூட்டாளிக்கு புரொடெக்ட் அழுத்துங்கள்.

முதல் சுற்றிலேயே ஃபேக் அவுட் வாங்கி டான்ஸ் போகிறதா? கோவர்ட் குளோக் கட்டினால் பயந்து நிற்காது. இல்லையென்றால் முதல் சுற்றில் ஆடவே ஆடாதீர்கள்.

எலக்ட்ரிக் பிரச்சினைக்கு இரட்டையில் ஒரு அழகான தீர்வு இருக்கிறது. 2014 உலகச் சாம்பியன்ஷிப் வாஷிங்டன் டி.சி.யில் நடந்தது. தென் கொரியாவின் சே ஜுன் பார்க் அதை வென்ற டீமில் மெகா கியாரடோஸ் இருந்தது, பச்சிரிசுவும் இருந்தது. அந்தக் குட்டி அணிலை டீமில் பார்த்துச் சிரித்தவர்கள் அதன் கையிலிருந்த மூவைப் பார்க்கவில்லை. ஃபாலோ மீ அழுத்தினால் எதிராளியின் ஒற்றைக் குறி அடிகள் எல்லாம் பச்சிரிசு மேல் திரும்பும். வோல்ட் அப்சார்ப் திறன் இருப்பதால் எலக்ட்ரிக் அடி வந்தால் அதற்கு உயிர் கூடும். கியாரடோஸுக்கு எதிரான முதல் ஆயுதமே எதிராளிக்குச் சுமையாகிவிடுகிறது.

மெகா மாற்றம் ஸ்கார்லெட், வயலட்டில் இல்லை. ஆனால் பச்சிரிசு இருக்கிறது, ஃபாலோ மீ தெரிந்த ஓகர்பான் இருக்கிறது, ரேஜ் பவுடரோடு அமூங்கஸ் இருக்கிறது, அதற்கு எலக்ட்ரிக் பாதிதான் படும். தண்டர்கிளாப்பையும் இவை இழுத்துக்கொள்ளும், ஏனென்றால் ஃபாலோ மீ அதற்கும் முன்பே நடந்துவிடும். டிஸ்சார்ஜ் போல எல்லார் மேலும் விழும் அடியை மட்டும் இழுக்கமுடியாது. ரேஜ் பவுடர் என்றால் கிராஸ் வகைகளும் சேஃப்டி காகிள்ஸ் மாட்டியவர்களும் அதைச் சட்டை செய்யமாட்டார்கள்.

சைக்கிக் டெரெய்ன் போட்டுவிட்டேன், இனி முந்துரிமை அடி வராது என்று நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் மேசையிலேயே இரண்டு பேர். அது தரையில் நிற்பவர்களை மட்டும் காக்கும். கியாரடோஸ் ஃப்ளையிங் வகை, தரையில் இல்லை.

“வீடியோல காட்டின மாதிரி வரல”

எந்த ஆண்டு வீடியோ என்று பாருங்கள். 2019 நவம்பருக்கும் 2022 நவம்பருக்கும் இடையில் வந்தது என்றால் அது ஸ்வோர்ட், ஷீல்ட் காலம். டைனமாக்ஸ் செய்து மேக்ஸ் ஏர்ஸ்ட்ரீம் அடித்து ஸ்பீட் ஏற்றிக்கொண்ட கியாரடோஸ் அது. இப்போது டைனமாக்ஸே இல்லை. அந்த வீடியோவிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமில்லை, மூடிவிடுங்கள்.

“ஜெயிக்கப் போற நேரத்துல லைன் போயிருச்சு”

பேராக் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் ரேங்க் சண்டை தொடங்காதீர்கள். பாதியில் தொடர்பு அறுந்தால் தோல்வியாகவே கணக்காகும். தோட்டத்து உள்ளே கைபேசி ஹாட்ஸ்பாட் போட்டு ஆடுகிற பிள்ளைகள் ரோட்டோரமாக வந்து ஆடுவது நல்லது. செம்பனைக்குள் சிக்னல் போய்ப்போய் வரும். கியாரடோஸ் ஆடுகிறவனுக்கு நிஜ இடியும் பகையாவது ஒரு கூத்துதான்.

“எல்லாம் சரியா இருக்கு, ஆனாலும் தோக்குறேன்”

அப்படியானால் கொண்டுபோகக்கூடாத சண்டைக்குக் கொண்டுபோகிறீர்கள். சண்டைக்கு முன் இரு டீமையும் காட்டி 90 வினாடி தருகிறார்கள், அதில் முதல் பத்து வினாடியிலேயே கொண்டுபோகும் ஆட்களை அழுத்திவிட்டுத் தே தாரிக்கைக் கையில் எடுப்பவர்கள் அதிகம். எதிராளியின் ஆறு பேரில் கியாரடோஸை உறுதியாக வீழ்த்தக்கூடியவர்களை எண்ணுங்கள்: எலக்ட்ரிக் வகைகள், ஃப்ரீஸ் டிரை, அன்அவேர். ஒன்று என்றால் கொண்டுபோகலாம், அந்த ஒன்றை யார் முடிப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டு. இரண்டு என்றால் கூட்டாளி பலமாக இருந்தால் மட்டும். மூன்று என்றால் கியாரடோஸ் வெளியே இருக்கட்டும்.

வெளியே இருந்தாலும் அதற்கு வேலை உண்டு. உங்கள் ஆறு பேரில் கியாரடோஸ் தெரிவதைப் பார்த்தே எதிராளி ரேஜிங் போல்ட்டையும் இன்னொரு எலக்ட்ரிக்கையும் எடுத்துக்கொண்டு வருவார். நீங்கள் கிரேட் டஸ்க்கையும் கிளாட்சயரையும் எடுத்துப் போங்கள். அந்த எலக்ட்ரிக் அடிகள் இரண்டின் மேலும் படாது, எர்த்குவேக் ரேஜிங் போல்ட் மேல் இரட்டிப்பாகப் படும்.